சுவருக்குள் கடல்

தைவானின் மழை ஓயாத துறைமுகமான கீலுங்கில் வெயில் அடித்தால்தான் ஆச்சரியம். ஆனால் பீ-யூனின் வீட்டுச் செங்கல் சுவர் மழை விட்ட பிறகும் கசிந்துகொண்டே இருந்தது. மெத்தை, துணி, கனவு எல்லாமே ஈரம். சில விடியல்களில் சுவர் விசும்புவது போலவே அவளுக்குக் கேட்கும்.

"சுவர் அழல அக்கா, அதுக்கு மூச்சு முட்டுது," என்றார் கொத்தனார் ஆ-போக். "இடுக்கெல்லாம் சிமெண்டு. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம செங்கல்ல அரிக்குது. யாரு பாத்த வேலை இது?"

"செத்துப்போன என் புருஷன்தான். சுரண்டித் தள்ளுங்க. பொட்டு மிச்சம் வைக்காதீங்க!"

ஒன்பது வருஷக் கோபம் அது. அந்தக் கடைசிக் கோடையில் கணவர் தியன்-லாய் ஞாயிறுதோறும் தூண்டிலும் கூடையுமாகக் கடற்கரைக்குப் போவார். தொப்பலாக நனைந்து திரும்புவார். ஒரு மீன் வந்ததில்லை. துவைக்க எடுத்தால் சட்டைப்பை நிறைய மணல். வழியில் பாக்குக்கடையில் ஒரு சிரிப்புக்காரி இருந்தாள். பீ-யூன் அவளையும் அவரையும் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

முற்றத்தில் பசையரிசிக் கஞ்சி கொதித்தது. கிளிஞ்சல் சுண்ணாம்போடும் நாட்டுச் சர்க்கரையோடும் அதைக் குழைத்துத்தான் புதுச் சாந்து. கஞ்சி ஆவியும் மழைமூட்டமும் கலந்து, வீடு தண்ணீரில் மிதப்பது போலிருந்தது.

உளிச்சத்தம் நின்றது. ஆ-போக் உதிர்ந்த துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு! கடல் மணல் அக்கா. இதோ, சிப்பி கூட இருக்கு. அங்க அள்ளுனா போலீஸ் விடமாட்டான். மணல் வாங்கக் காசில்லாம மீன் கூடையிலயோ எதுலயோ ஒளிச்சுத்தான் கொண்டாந்திருக்கணும். இவ்வளவு சுவருக்கு எத்தன நடையோ, பாவம்!"

பீ-யூன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடை எப்போதும் சொட்டிக்கொண்டே வரும். மேலே துணி மூடியிருக்கும். அவர் நேரே கொல்லைக்குத் தூக்கிப்போவார். அந்தக் கோடையில்தான் இந்தச் சுவரையும் பூசினார். வீம்பில் அவள் ஒருநாள்கூட அந்தத் துணியை விலக்கிப் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் எடுக்கணுமா, மேஸ்திரி?"

"எடுக்காட்டி உப்பு சுவரத் தின்னுடும்."

"எடுங்க," என்றாள். சிப்பித்துண்டை நாக்கில் வைத்தாள். கரித்தது.

"ஏன்யா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்ட பிறகுதான் டிவி ஞாபகம் வந்தது.