படிகாரக் கை

சீமைக்காரர்களுக்கு என்ன கேடு வந்ததோ, துணியில் வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமாம். நம் ஆட்கள் என்றால் அடி முழுக்கச் சிவப்பை ஏற்றி நடுவில் பூப் போடச் சொல்வார்கள். ஒரு சொட்டு தவறி விழுந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? இவர்களுக்கு வெள்ளையில் ஒரு மரம், அதில் எங்களில் யாரும் கண்ணால் பார்த்திராத பூக்கள். அதைக் கட்டிலில் விரித்துப் படுப்பார்களாம். தூங்குகிறவனுக்கு அது என்ன நிறமாயிருந்தால் என்ன என்று கேட்டால், என் வாய்க்குப் பூட்டுப் போடச் சொல்வார்கள்.

எங்கள் பட்டறையில் கோடு போடுவது என் கணவரின் அண்ணன். பெரியவர் என்போம். கோட்டுக்குள் சிவப்பு வர வேண்டிய இடத்திலெல்லாம் படிகாரத் தண்ணீர் தடவுவது என் வீட்டுக்காரர் வேலை. படிகாரத்துக்கு நிறம் கிடையாது. காய்ந்துவிட்டால் எங்கே தடவினோம் என்பதே தெரியாது. துணியைச் சாயவேரோடு கொதிக்க வைக்கும்போதுதான் தடவிய இடம் சிவக்கும். அப்புறம் எத்தனை முறை வெளுத்தாலும் போகாது.

ஆறு மாதமாக அந்த வேலையைச் செய்தது நான்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது, பிறகு கோடே தெரியவில்லை. போன வருஷம் கண் போன ஒருவரை, பதினெட்டு வருஷம் உழைத்தவரை, பெரியவர் ஒரே பேச்சில் வெளியே அனுப்பினார். கூடப் பிறந்தவன் என்பதற்காக விட்டுவிடுகிற ஆள் இல்லை. அதனால், கூட்டத்தில் கை ஓடவில்லை என்று இவரைச் சொல்லவைத்து, துணியை எங்கள் அறைக்குக் கொண்டுவரச் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் தடவுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நனைக்க வேண்டும் என்று சொல்வார். யாராவது வந்தால் தூரிகை அவர் கைக்குப் போய்விடும். திருட்டுக் கல்யாணம் செய்தவர்கள்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை துணி அண்டாவில் இறங்கியது. கப்பலுக்குச் சரக்கு எடுக்கிற கைக்குட்டைக்காரரும் வந்து நின்றார். தன் கைக்குட்டையைத் துணிமேல் வைத்து வெள்ளைக்கு வெள்ளை ஒத்துப்பார்க்கிற மனிதர். அதனால் அந்தப் பெயர். நான் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. படிகாரம் தடவிய கடைசி நாள், வாசலில் பெரியவரின் இருமல் கேட்டு, பதறிப்போய்த் துணியின் மேலேயே கையை ஊன்றி எழுந்தேன். கையைத் துடைத்திருந்தேனா?

பாதகத்தி, கை வைக்க உனக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொதிக்கிற துணியைப் பிடித்து இழுக்கவா முடியும்? மூன்று பேர் கோல் போட்டுக் கிளறினார்கள். மடிப்பு புரளும்போதெல்லாம் ஒரு பூ சிவந்து மேலே வந்து உள்ளே போனது. ஒரு இதழ்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

துணியை அலசி முற்றத்தில் விரித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். மரத்தின் அடியில், சின்னப் பூ ஒன்றுக்கு இரண்டு சாண் தள்ளி, வெறும் வெள்ளையில் என் கை. ஐந்து விரலும் விரிந்து, சிவப்பாக. கைக்குட்டைக்காரர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது யார் கை?" என்று கேட்டார் பெரியவர். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போனார். அன்று நான் எப்படி எழுந்தேன் என்று அவருக்குத்தான் தெரியுமே.

"என் கைதான், அண்ணே. அசதியில ஊனிட்டேன். வேணும்னா வெச்சுக் காட்டுறேன், பாருங்க."

குனிந்தார். சிவப்பாக ஏதோ தெரிந்திருக்க வேண்டும். விரல்களை விரித்து, நிதானமாக, அந்தச் சின்னப் பூவின் மேல் கையை வைத்தார்.

அவர் கையை எடுக்காமல், பதிலுக்குக் காத்திருந்தார்.

"தம்பி," என்றார் பெரியவர். "அது பூவுடா."

நான் போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு சாண் தள்ளி, சிவந்து கிடந்த என் கையின் மேல் என் கையை வைத்தேன்.