எண்பதுக்கு மேல் ஆடும் வண்டி

எண்பது வரைக்கும் அந்த வண்டியைப் போல் ஒரு சாது கிடையாது. எண்பதைத் தாண்டியதும் பின்பக்கம் மெல்ல ஆட ஆரம்பிக்கும். ஸ்டியரிங் உதறாது, பிரேக் ஒரு பக்கமாக இழுக்காது, சத்தமும் வராது. பின்னால் யாரோ உட்கார்ந்துகொண்டு இடமும் வலமுமாக அசைவது போல இருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். முப்பத்தைந்து வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேய்த்த மனிதர் கண்ணாடிக்காரர். அவருக்கு இந்த ஆட்டம் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் வண்டிக்குக் கொஞ்சநஞ்சமாகவா செய்திருந்தார்? நாலு டயரும் புதுசு. பழைய இரும்பு வீல்கள் துருப்பிடித்துவிட்டன என்று மருமகன் பளபளவென்று நாலு அலாய் வீல்களை வாங்கி அனுப்பியிருந்தான். பதினோரு வயது வண்டிக்கு அது கொஞ்சம் மிதமிஞ்சிய அலங்காரம்தான் என்றாலும், கொடுத்த பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா. எல்லாவற்றையும் மாட்டி, சக்கரங்களின் கோணத்தை நேராக்கும் அலைன்மென்டும் பார்த்து வெளியே எடுத்த அன்றைக்கே ஆட்டம் தொடங்கிவிட்டது.

மகள் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். வண்டி ஆடவில்லையாம், அப்பாவின் கைதான் ஆடுகிறதாம், பேசாமல் விற்றுவிட வேண்டியதுதானாம். அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பயமும் இருந்தது. வருகிற சனிக்கிழமை அவள் நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அம்மா போனபோது அவளுக்கு நிறைமாதம். வந்து முகம் பார்க்கக்கூட முடியவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வருகிறாள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர். உரசிக்கொண்டு ஓடும் லாரிகளுக்கு நடுவில், ஆடுகிற வண்டியில் பச்சைக் குழந்தையை எப்படி ஏற்றிக்கொண்டு வருவது?

அலைன்மென்ட் பார்ப்பவள் ஒரு பெண். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே வண்டி ஏறும் மேடை, ஒரு கம்ப்யூட்டர் திரை. முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் உள்ள கண்ணாடித் தடுப்பு முழுக்க டயர் விளம்பரம் ஒட்டியிருப்பதால் உள்ளே நடப்பது தெரியாது. கணவன் ஆரம்பித்த பட்டறை; அவன் பாதியில் கைகழுவிவிட்டுப் போன பிறகு அவளே கற்றுக்கொண்டு நிமிர்த்தியது. எல்லோருக்கும் அவள் அலைன்மென்ட்காரம்மா. வாய் கொஞ்சம் நீளம். வேலை அதைவிடச் சுத்தம்.

ஆறு வருடப் பழக்கம். கண்ணாடிக்காரரின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நாற்பத்தைந்து கிலோமீட்டர். சக்கர நாற்காலியிலிருந்து ஏற்ற வசதி என்று எப்போதும் பின் இடது சீட்டில்தான் உட்காருவாள். நல்ல கனமான உடம்பு, வீக்கமும் சேர்ந்துகொண்டது. முதல் தடவை பட்டறைக்குப் போனபோது அலைன்மென்ட்காரம்மா கூச்சமே இல்லாமல் அவளிடம் எடை எவ்வளவு என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இதைக் கேட்கவில்லை என்று மனைவி சிரித்தாள், எண்பத்துநாலு என்று ஒளிக்காமல் சொன்னாள். அன்றைக்கே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். அந்த எடையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று கண்ணாடிக்காரர் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது போடுவாள் போலும் என்று நினைத்திருந்தார். அவர் முன்னறையில் பழைய செய்தித்தாளைப் புரட்டுவார். சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவி தடுப்பின் கதவிடுக்கு வழியாக அவளோடு வம்பளப்பாள்.

மனைவி இறந்து ஐந்து மாதமாகிவிட்டது. மூன்று மாதம் வண்டி போட்ட இடத்திலேயே கிடந்து டயர்களில் வெடிப்பு விழுந்தது. புது வீலும் டயருமாகப் பட்டறைக்குப் போன அன்று, அலைன்மென்ட்காரம்மா பின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா எங்கே என்று கேட்டாள். செத்துவிட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வீட்ல படுத்திருக்கா" என்று வந்தது.

சரி, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னது பொய். ஆனால் மூன்று மாதமாக இல்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. தெருவில், கடையில், சொந்தத்தில் எல்லோரும் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இங்கே ஒருத்தி சாதாரணமாக அவளைத் தூங்கவிடுகிறாள்.

பிறகு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு மூன்று தடவை போனார். ஆட்டம் உண்மைதான்; ஆனால் போகிற வழியில் அவர் மனசு கொஞ்சம் லேசாக இருந்ததும் உண்மை. முதல் தடவை, புது டயர் கொஞ்சம் கூசும், ஐநூறு கிலோமீட்டர் ஓடினால் படிந்துவிடும் என்றாள். இரண்டாம் தடவை நாலு வீலையும் கழற்றி பேலன்ஸ் பார்த்தாள். அலாய் வீலின் நடுத் துளை அச்சைவிடக் கொஞ்சம் பெரிது என்று கண்டுபிடித்து வளையம் போட்டு இறுக்கினாள். மூன்றாம் தடவை காற்றைச் சரிபார்த்து, முன் டயரைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றி, அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ஒவ்வொன்றையும் கம்பியால் நெம்பிப் பார்த்தாள். எல்லாம் கெட்டி. திரையில் எல்லா எண்ணும் பச்சை. அவளே வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறு வரை ஓட்டிவிட்டு வந்து, கோடு போட்டது மாதிரி போகிறதே என்று தலையைச் சொறிந்தாள்.

அக்கா ஏறியிருக்கும்போது ஆடுகிறதா, தனியாகப் போகும்போது ஆடுகிறதா என்றும் கேட்டாள். இரண்டு சமயத்திலும் ஆடுகிறது என்றார் அவர். வைத்தியரிடம் பொய் சொன்ன நோயாளியின் கதைதான். அந்தப் பொய்யோடு, கால் வீக்கம் வடிந்திருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள் என்று இன்னும் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அலைன்மென்ட்காரம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

நாலாம் தடவை, வியாழக்கிழமை. கை கழுவப் பின்பக்கம் போனவர், பக்கவாட்டுக் கதவு திறந்திருந்ததால் உள்ளே பார்த்தார். மேடையில் அவருடைய வண்டி. பின் இடது கதவு திறந்திருந்தது. அலைன்மென்ட்காரம்மா ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வந்து சீட்டில் வைத்தாள். ஏற்கனவே மூன்று மூட்டைகள் இருந்தன. சாய்ந்துவிடாமல் இருக்க சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பிறகு சின்ன மூட்டை ஒன்றை, சக்கர நாற்காலி இருக்கும் இடத்தில், டிக்கியில் வைத்தாள்.

அளவெடுத்தே பிழைத்த மனிதருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு வருடமாக அவள் வண்டியை அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பது போல வைத்துத்தான் நேராக்கியிருக்கிறாள். ஓட்டிப் பார்த்ததும் மூட்டைகளோடுதான். மூட்டையை இறக்கியதும் இடது பின்பக்கம் எழும்பி, சக்கரத்தின் கோணம் மாறிவிடுகிறது. தேய்ந்த பழைய டயர் அதைச் சகித்துக்கொண்டது. அகலமான புது டயர் காட்டிக்கொடுத்துவிட்டது. சத்தம் போடாமல் முன்னறைக்குத் திரும்பினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. சீட்டில் மூட்டை வைத்து அளப்பது ஒரு உத்தேசம்தான், நாளைக்கு அக்காவையே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அவர்களை உட்காரவைத்தே அளந்துவிடலாம், எனக்கும் பார்த்தது மாதிரி இருக்கும் என்றாள். பிறகு, என் மேல்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, மெஷின்காரனை வரச் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் யார் வண்டிக்கும் அலைன்மென்ட் பார்க்கப் போவதில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வழி ஒன்று இருந்தது. ஊரின் மறுகோடியில் பெரிய டயர் கடை. அங்கே யாருக்கும் அவருடைய மனைவியைத் தெரியாது. காலி வண்டியை அளந்து அரை மணியில் நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். குழந்தை பத்திரமாக வீடு சேரும், மனைவியும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டே இருப்பாள். வெள்ளிக்கிழமை காலை அங்கேதான் போனார். அவருக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. காத்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அலைன்மென்ட்காரம்மாவின் முகம் கண்ணில் வந்தது. பத்துப் பதினைந்து வருடம் அந்தக் கைகளை நம்பிப் பிழைத்தவள், அவருடைய ஒரு பொய்யால் அவற்றின் மேல் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தார்.

பட்டறையில் மெஷினின் மேல் துணி போர்த்தியிருந்தது. இவர் வண்டியைக் கண்டதும் வெளியே வந்து, நேராகப் பின் இடது கதவைத்தான் திறந்தாள். சீட் காலியாக இருந்தது.

"அக்கா வரலியா சார்?"

"அவ வரமாட்டாம்மா. அவ போயி அஞ்சு மாசமாச்சு."

கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"கால் வீக்கம் வடிஞ்சிருக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். ஊர்ல எல்லாருக்கும் அவ செத்துட்டா. இங்க மட்டும்தான் அவ எப்படி இருக்கான்னு கேக்க ஒரு ஆள் இருந்தது. அதுக்காகத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். வண்டில கோளாறு இல்லம்மா. உங்க கைலயும் கோளாறு இல்ல."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ரெண்டு மாசமா என்ன அழக்கூட விடாம வெச்சிருந்தீங்களே சார்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கண்ணாடிக்காரர் வெயிலிலேயே நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மெஷினின் துணியை எடுத்தாள். வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னாள். இந்தத் தடவை அவரை முன்னறைக்கு அனுப்பவில்லை. இடது பின் ஸ்பிரிங்குக்குள் கை விட்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் பாரம் தாங்க அவளே சொருகிய ரப்பர் கட்டையை உருவி எடுத்துக் கீழே வைத்தாள். அதில் ஸ்பிரிங்கின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. திரையில் பின் சக்கரங்களின் எண்கள் சிவப்பாக நின்றன. மணல் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வண்டில வழக்கமா யாரு போவாங்க?" என்று கேட்டாள். யாராக இருந்தாலும் வேலைக்கு முன்னால் அவள் கேட்கிற கேள்விதான்.

"நான் மட்டும்தான்மா" என்றார்.

இதுவரைக்கும் தான் தனியாள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அவருடைய எடைக்கு ஏற்ப, ஒவ்வொரு நட்டாகத் திருகி எண்களைப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். அவள் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்ததால் இருவருக்கும் அது வசதியாகப் போயிற்று.

பிறகு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. பின்பக்கம் அசையவே இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கணம் கையை எடுத்துப் பார்த்தார். வண்டி கோடு போட்டது போலப் போனது. பேரன் பத்திரமாக வருவான் என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டார்தான். ஆனால் கொஞ்சம், ஒரு துளி ஆட்டமாவது மிச்சம் இருக்கக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாகவும் இருந்தது.

பட்டறை வாசலில் இறங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து, எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள்.

"ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவ கொண்டாந்து காட்டுங்க சார்."

ஆஸ்பத்திரி ஓட்டத்தில் ஐயாயிரம் என்பது நாலு மாதம். அவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார்.

"இப்ப வாரத்துக்கு இருபது கிலோமீட்டர்தான்மா ஓட்டறேன். கடைத்தெருவுக்குப் போய் வர்றதோட சரி. ஐயாயிரத்துக்கு அஞ்சு வருஷம் ஆகும்."

அவள் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவர் வண்டியைக் கிளப்பினார். அது நேராகப் போனது.