ராணி உட்கார்ந்த கல்

வழிகாட்டி உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தேர்வு அதிகாரி ஒருவரைக் காரில் ஏற்றி, பழைய நகரத்தையும் கடற்கரையையும் நாள் முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். அவர் சுற்றுலாப் பயணி போல நடிப்பார். நாமும் அவரை யாரென்றே தெரியாதது போல நடிக்க வேண்டும். இந்தக் கூத்தில் ஃபெயிலானால் மறுநாளிலிருந்து வீட்டில்தான் உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது.

கார் எங்களுடையது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. அன்றைக்கு மட்டும் அரை மணி முன்னதாகவே வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உன் பொழப்புடி இது. இதுல விளையாடுவேனா?" என்றார்.

அதிகாரி மனைவியோடு வந்து இறங்கினார். நடிப்புக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கூட்டி வந்தாராம். கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, கையில் மதிப்பெண் தாள். பயணிகள் மதிப்பெண் தாளோடுதானே ஊர் சுற்றுவார்கள்!

காலை முழுக்க வெளுத்து வாங்கினேன். கோட்டை வாசலில் பெரிய கதவுக்குள் சின்னக் கதவு எதற்கு என்று விளக்கினேன். பழைய நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் அதிகாரியையே ஏற்றி நிறுத்தித் தீர்ப்பு வாசித்தேன். மனுஷன் ரசித்து ரசித்து டிக் போட்டார். அவர் மனைவிக்கு மட்டும் எதிலும் மனசு ஒட்டவில்லை. "ராணி உக்காந்த கல்லு எப்ப வரும்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன்.

காரணம் இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இரண்டு மணிக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்ற என் வீட்டுக்காரர் ஐந்து மணிவரை வரவில்லை. பஞ்சராம். நானும் நான்கு பயணிகளும் கடற்கரையில் மாட்டிக்கொண்டோம். நடுவில் வழவழவென்று குழிந்த ஒரு கல்லின் மேல் நான் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "இது ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். படகுக் கயிறு உராய்ந்து தேய்ந்தது என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒரு ராணி புருஷனுக்காக இங்கேயே உக்காந்து காத்துக்கிட்டு இருந்தா. கல்லே தேஞ்சு போச்சு. அந்த மனுஷன் வரவே இல்ல."

நான்கு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதோடு போயிருக்க வேண்டியது. பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற இன்னொரு வழிகாட்டி, நாங்கள் ஒலிபெருக்கி என்று கூப்பிடுகிற ஆள், மறுநாளே ராணிக்கு ஏழு வருடக் காத்திருப்பும் ஒரு வெள்ளைக் குதிரையும் கொடுத்துவிட்டான். மூன்றாவது வருடம் சுற்றுலா அலுவலகம் கல்லுக்குப் பக்கத்தில் பலகையே நட்டது. அன்றோடு அந்தக் கதையை நான் விட்டேன். பொய் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பலகை வைத்துச் சொல்வதுதான் கூச்சமாக இருந்தது. நல்லவேளை, முந்தைய தேர்வுகளில் யாரும் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

மதியம் கல்லின் முன்னால் போய் நின்றோம்.

"இது படகு கட்டுற கல்லு. கயிறு உராஞ்சு தேஞ்சது," என்றேன்.

அதிகாரி நடிப்பை நிறுத்தினார். "ராணி?"

"ராணியெல்லாம் இல்ல சார்."

"பலகையில போட்டிருக்கே."

"பலகை தப்பு சார்."

தயாராகக் கையில் வைத்திருந்த கைக்குட்டையை அவர் மனைவி மடித்துப் பைக்குள் போட்டார். பாவமாகத்தான் இருந்தது.

"இதோ பாருங்கம்மா," என்றார் அதிகாரி. "காலைல இருந்து பிரமாதமா பண்ணியிருக்கீங்க. ஆனா பலகையில இருக்கறதைச் சொல்லலேன்னா நான் பாஸ் போட முடியாது, அதுதான் விதி. ராணி எத்தனை வருஷம் காத்திருந்தா? அதை மட்டும் சொல்லுங்க, இப்பவே கையெழுத்து போடறேன்."

அவருக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஏழு என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஒலிபெருக்கியின் ஏழு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூணு மணி நேரம் சார்," என்றேன். "ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும். அந்த ராணி நான்தான். ராஜா உங்களுக்குப் பின்னால நிக்கிறாரு, வேணும்னா கேட்டுக்கோங்க."

"ஆமா சார், பஞ்சர்," என்றார் ராஜா, தலையைச் சொறிந்துகொண்டே.

அதிகாரியின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. தாளைக் காரின் மேல் வைத்து, 'வரலாற்று அறிவு போதாது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

ஆறு மாதம் ஆகிறது. அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான். வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒலிபெருக்கியின் பயணிகளுக்கு ஓட்டுகிறார். வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் நேற்று நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பயணிகளைக் கலங்கரை விளக்கத்தில் இறக்கிவிட்டார், என்னைக் கடற்கரையில் இறக்கினார். "பெட்ரோல் போட்டுட்டு பத்தே நிமிஷத்துல வந்துடறேன்," என்று போனார். கல்லின் மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது.

ஒலிபெருக்கி கலங்கரை விளக்கத்திலிருந்து பயணிகளோடு நடந்து வந்தான். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க. ராணி உக்காந்த இடம். ஃபோட்டோ எடுக்கணும்."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எழுந்து, ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, ஓரமாக நின்றேன்.

"பாத்தீங்களா," என்று ஒலிபெருக்கி பயணிகளிடம் குரலை உயர்த்தினான். "இத்தனை வருஷம் கழிச்சும் இந்த ஊர்க்காரங்களே ராணியை நெனச்சு அழறாங்க!"

பயணிகள் என்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். கார் இன்னும் வரவில்லை.