எட்டு புஷ்ராடும் ஒரு மை டப்பாவும்

என் கணவர் வினோத்குமாரின் ஜீப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவர் அன்று தலையைக் குனிந்து ஜீப் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். பேசியது மாப்பிள்ளையின் அக்கா சுசீலா. கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"பொண்ண மண்டபத்துக்கு எங்க வேன்லயே அனுப்பிருங்கண்ணே. உங்க ஜீப்பு டெலானிபூர் மேட்டுல சடாயி ஏறாது. பாதில எறங்கி எல்லாரும் தக்கா குடுக்கணும். பட்டுப்புடவையோட பொண்ணுமா வந்து தள்ளும்?"

என் நாத்தனார் தமிழரசிதான் கல்யாணப் பெண். அவள் உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். "நான் எங்க அண்ணன் ஜீப்லதான்க்கா வருவேன். எறங்காம வருவேன்."

சுசீலா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் தமிழரசி என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த ஜீப் ஓடித்தான் அவளை டீச்சருக்குப் படிக்க வைத்தது. "அந்த மேட்டுல எறங்கிட்டேன்னா காலம்பூரா சொல்லிக் காட்டுவாங்க அண்ணி" என்றாள். சுசீலாவைப் பார்த்தால் எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

சுனாமி அன்று படகு ஜெட்டிப் பக்கம் நின்ற ஜீப், இரண்டு நாள் கடல் தண்ணீரில் ஊறியது. பிறகு ஓடியதே தவிர மேடு ஏறவில்லை. உப்பு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அரித்துவிட்டது. பத்துபஸ்தியில் ஓர் ஒர்க் ஷாப்பில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓட்டுகிறவள் நான். வீட்டுக்காரரின் ஹெட்டை வேறு யாரிடம் கொடுப்பது? கல்யாணம் நிச்சயமானதும் அதைக் கழற்றி, குழி மறையும் வரை ஒன்றரை மில்லி சீவினேன். வால்வு உட்காரும் இடங்களையும் புதிதாகத் தேய்த்தேன். இனி குதிரைதான் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மிச்சம் இருந்தது புஷ்ராடு. இன்ஜினின் அடியில் சுற்றும் தண்டு தள்ளுவதை மேலே ராக்கர் என்ற சிறு நெம்புகோலுக்குக் கொண்டு போகும் மெல்லிய இரும்புக் குழாய் அது. ராக்கர் மறுபக்கம் அழுத்தினால் வால்வு திறக்கும். பழைய எட்டும் துரு பிடித்து, ஒன்றிரண்டைத் தவிர வளைந்தும் இருந்தன. சென்னையிலிருந்துதான் வரவேண்டும்.

மெயின்லேண்டிலிருந்து எதை வாங்குவதாக இருந்தாலும் எங்கள் தீவில் ஒரே வழக்கம்தான். வாயால் சொல்லி அனுப்ப மாட்டோம், சாம்பிள் அனுப்புவோம். வாயால் சொன்னால் செருப்பிலிருந்து குழாய் வாசர் வரை தப்பாகத்தான் வரும், கப்பலில் திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் மாதம் ஓடிவிடும். ஆகவே பழைய புஷ்ராடு ஒன்றை, சென்னை போன பக்கத்து வீட்டு ஜெயமணி அண்ணனிடம் கொடுத்தனுப்பினோம். சுசீலா வந்து போன மறுநாள் புதிய எட்டும் கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தன. சாம்பிளோடு வைத்துப் பார்த்தால் நூலிழை வித்தியாசம் இல்லை.

மாட்டினோம். இன்ஜின் இருமியதே ஒழிய ஸ்டார்ட் ஆகவில்லை.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. சீவியதில் ஹெட் கீழே இறங்கிவிட்டது, புஷ்ராடு மட்டும் பழைய நீளம். வால்வை அது எப்போதும் கொஞ்சம் திறந்தே பிடித்திருக்கிறது. அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைக் கடைசி மரை வரை தளர்த்தியும் போதவில்லை.

"சீவின ஹெட்டுக்குப் பழைய சைஸ்ல சாம்பிள் அனுப்புவாங்களா? தலைக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சாம்பிளில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். 'இதே அளவு, எட்டு' என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது.

"பஸ், போதும்ல? முடிஞ்சுதா?" என்றார்.

சீட்டைச் சுருட்டி எறிந்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"அரே, நீளமாத்தான வந்திருக்கு? குட்டையா வந்திருந்தா ஒண்ணும் பண்ணிருக்க முடியாது" என்று அவரே ஆறுதலும் சொன்னார். "ஒன்றரை சீவினே. ஒன்றரை வெட்டிரு."

அங்கேதான் நான் நின்றேன். வால்வின் இருப்பிடத்தையும் தேய்த்திருக்கிறேன், அதனால் வால்வின் தலை சற்று மேலே வந்திருக்கும். கணக்குப் போட்டு எட்டையும் வெட்டிவிட்டு, கல்யாணத்தன்று விழிக்க நான் தயாராக இல்லை. அளந்துதான் வெட்டுவேன் என்றேன்.

பழைய புஷ்ராடில் நேராக இருந்த ஒன்றை நடுவில் அறுத்து, இடையில் மரை போட்ட கம்பியை வைத்தேன். திருகினால் நீளும், குறையும். ராக்கர் வால்வின் தலையில் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் உரசினால் நீளம் சரி. உரசிய தடம் தெரிய வால்வின் தலையில் ஏதாவது பூச வேண்டும். ஒர்க் ஷாப்பில் பூசுகிற நீல பேஸ்ட் தீர்ந்து போயிருந்தது. வீட்டுக்குள் ஓடினேன். கண்ணாடி முன்னால் ஒரு புது மை டப்பா இருந்தது. யாருடையது என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்றரை மில்லி குறைத்து மாட்டி, மை தடவி, இன்ஜினைக் கையால் சுற்றினோம். மை அழிந்த கோடு ஓரத்தில் விழுந்தது. இன்னும் குறைத்து, மறுபடி தடவிச் சுற்றினோம். நகர்ந்தது. மொத்தம் குறைத்தது இரண்டு மில்லியை நெருங்கியபோது, மெல்லிய கோடு நட்டநடுவில் வந்து நின்றது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன். எட்டு வால்வையும் அப்படியே பார்த்து முடித்தபோது டப்பாவில் தகரம் தெரிந்தது.

அப்புறம் லேத் வேலைதான். புது புஷ்ராடுகளின் முனையைக் கழற்றி, குழாயைச் சீவி, முனையைத் திரும்ப இறக்கினேன். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. எட்டும் ஒரே சீராக டிக்டிக்கென்றன.

கல்யாணக் காலையில் தமிழரசி வீட்டைத் தலைகீழாக்கினாள். "என் மை டப்பா எங்க அண்ணி?"

காலி டப்பாவை நீட்டினேன். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் டப்பாவையும் என் கைவிரல் கறுப்பையும் பார்த்தாள். "ஏறுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

மேட்டின் அடி வந்தது. இவர் இரண்டாவது கியரில் ஏற்றினார். எப்போதும் நாங்கள் இறங்கித் தள்ளும் வளைவு வந்ததும் தமிழரசி பழக்கத்தில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். வளைவு பின்னால் போனது. கவர்மெண்ட் குவார்ட்டர்ஸும் பின்னால் போனது. மண்டபத்து வாழைமரம் தெரிந்தபோது அவள் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. எனக்கும்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும், தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

வாசலில் ஆரத்தியோடு நின்ற சுசீலா குனிந்து பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தமிழு, கண்ணுக்கு மையே போடலியா?"

தமிழரசி ஜீப்பை விட்டு இறங்காமலே சிரித்தாள்.

"ஜீப்புக்குப் போட்டாச்சுக்கா. அதான் எறங்காம வந்துட்டேன்."