குடி ஏறி ஆறு வருஷம்

“நான்தான் கஞ்சி. வயசு இருபத்தாறு. சலவைக் கடைக்கு மேல இருக்கற ரூம்லேருந்து பேசறேன்” என்று அவன் கைப்பேசியிடம் சொல்ல, அது குடும்பக் குழுவில் எழுத்தாக விழுந்தது.

“உன் வயசு எனக்குத் தெரியாதாடா?” என்று அக்கா உடனே பதில் போட்டாள்.

மறுநாள் நேர்காணல். ஒத்திகை பார்த்துப் பார்த்து அவனுக்கு இதுவே வாய்ப்பாடமாகிவிட்டது. கஞ்சி போட்ட சட்டை மாதிரி எதற்கெடுத்தாலும் விறைத்து நிற்பதால் கடையில் வைத்த பேர், வீடு வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

விசா முடிந்தும் ஊர் திரும்பாமல், ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது ஒரு வழி திறந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தவன், நடத்தை நல்லது என்று முதலாளி சாட்சி சொன்னால் அங்கேயே தங்குவதற்கான வதிவிட அட்டை வாங்கலாம். அட்டை இருந்தால் பயமில்லாமல் ஊருக்குப் போய்விட்டு வரலாம். அக்கா மகள் அவனைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். ‘போன் மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். மாமா போனுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறார் என்பது அவள் முடிவு.

மறுநாள் காலை, அலுவலக அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரி. பக்கவாட்டில், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா. இவனுக்குப் பக்கத்தில் சோப்பு வாசனையோடு முதலாளியம்மா. அவன் அனுப்பிய வாக்குமூலத்தை வாசித்த அதிகாரியின் புருவம் மெல்ல மேலே ஏறியது.

“தம்பி, தினமும் குடிப்பீங்களான்னு கேக்கறார்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“டீதானேக்கா? ரெண்டு வேளை.”

“டீ இல்லப்பா, சாராயம். நீங்களே எழுதியிருக்கீங்களே. ‘எனக்குப் போதை ஏறி ஆறு வருஷமாச்சு, ஒரு நாள்கூட விட்டதில்லை, முதலாளியம்மாவே சாட்சி.’”

போன் மாமா போனுக்குள்ளேயே இருந்துவிடுவார் போலிருந்தது.

விஷயம் புரிந்ததும் முதலாளியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொரிந்து தள்ளினார். அதைத் தமிழில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளருக்கே சிரிப்பு வந்தது. “இவனா குடிக்கறவன்? கறை எடுக்கற ஸ்பிரிட்டைத் திறந்தாலே தலை சுத்துதுன்னு மாடிக்கு ஓடறவன்னு சொல்றாங்க.”

“தமிழ்ல எழுதினதைக் காட்டுங்க” என்று மொழிபெயர்ப்பாளர் அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். “இதை யாரு எழுதினது?”

“போன்தான்க்கா. நான் வாயால சொன்னேன், அது எழுதிச்சு. இந்த ஊரு பாஷைக்கு மாத்தினதும் அதுதான்.”

“குடியேறின்னு சொல்லும்போது நடுவுல மூச்சு விட்டீங்களா?”

“பயத்துல அடிக்கடி விடுவேன்.”

அவர் ஒரு தாளில் ‘குடியேறி’ என்று சேர்த்தும், ‘குடி ஏறி’ என்று பிரித்தும் எழுதி அதிகாரி முன்னால் வைத்தார். ஒன்று இங்கே வந்து வாழத் தொடங்கியது, மற்றது போதை தலைக்கேறியது என்று விளக்கினார். நடுவிலிருந்த வெற்றிடத்தில் பேனாவால் தட்டி ஏதோ சொன்னதும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“என்னக்கா சொன்னீங்க?”

“குடிச்சது நீங்க இல்ல, இந்த இடைவெளிதான்னு சொன்னேன். ஒரே மூச்சுல சொல்லிக் காட்டச் சொல்றார்.”

கஞ்சி எழுந்து, விறைத்து நின்று, “குடியேறினேன்” என்றான். மூச்சு அதற்கப்புறம்தான் வந்தது. அதிகாரி வரியை அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்தினார். அட்டை தபாலில் வரும் என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவன் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனான்.

“நான்தான் கஞ்சி. வயசு இருபத்தாறு. ஆபீஸ் வாசப்படியிலேருந்து பேசறேன். கையெழுத்து ஆச்சு, அட்டை தபால்ல வருதாம். போன் மாமா வெளிய வர்றார்னு பாப்பாகிட்ட சொல்லுங்க. நான் முறைப்படி குடி ஏறிட்டேன். இதை யாரு வாசிச்சாலும் அந்த ரெண்டு வார்த்தையையும் தயவுசெஞ்சு சேர்த்தே வாசிங்க.”