போகிற வழியில் ஓர் ஊர்

பேருந்தில் போயிருந்தால் ஆறு மணி நேரம். ஆனால் பேருந்தில் போனால் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும், அது என் வீட்டுக்காரர். சைக்கிளில் போனால் அந்தத் தொல்லை இல்லை. “டூர் கிளம்புறேன், நீங்க இருக்கிற ஊர் போற வழியிலதான் வருது” என்று சாதாரணமாகச் சொல்லலாம். மூன்று வாரத்துக்கு முன் போனில் அப்படித்தான் சொன்னேன். “அப்படியா, வா” என்றார். அந்த ஒரு ‘வா’வை நம்பி ஐந்து நாளாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

அவர் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறவர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். பதினோரு மாதத்துக்கு முன் அவருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தது. “நீயும் வா” என்று அவர் கூப்பிடவில்லை. “போகாதீங்க” என்று நானும் சொல்லவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போன். காஸ் வந்ததா, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுதா, அவ்வளவுதான் பேச்சு. போன மாதம் குழாய் விஷயம் முடிந்த பிறகு, போகிற போக்கில் சொன்னார்: “இங்கேயே நிரந்தரமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க. பதினெட்டாம் தேதி கையெழுத்துப் போடணும்.”

“உங்க இஷ்டம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையாலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்றைக்குப் பதினேழு. மாலை ஆறு மணிக்கு அவர் இரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார். காலையில் வேலை முடிந்ததும் அங்கேயே கையெழுத்து. அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் ‘நான் வீட்டுக்கே வந்துடறேன்’ என்று அவராகச் சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. நானாகக் கேட்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். இரண்டு பக்கமும் சோளக் காடு, இடையில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தார் ரோடு, ஈ காக்கா இல்லை. பதினாலு வருஷமாக விடுமுறைக்கு விடுமுறை இப்படித்தான் ஓட்டினோம். அவர் முன்னால், நான் பின்னால். நான் பார்த்த ஊர்களில் பாதி அவர் முதுகுதான். நீலச் சட்டை, நடுவில் வியர்வை, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த முதுகு எதிரே இல்லாத ரோட்டை இந்த ஐந்து நாளும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆன பிறகு எதைப் பார்ப்பது? “பள்ளம் வருது, பார்த்து” என்று முன்னாலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று இருந்தது. அந்தக் குரலுக்கு “தெரியுது, தெரியுது, எனக்கும் கண்ணு இருக்கு” என்று நான் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்!

நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பின் சக்கரம் பஞ்சர். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை நான். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டயரைக் கழற்றி, ட்யூபில் முள் ஏறிய இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி ஒட்டுப் போட்டேன். கடைக்காரன் தோற்றான். டயரைத் திரும்ப மாட்டிவிட்டுப் பையில் கை விட்டேன். பம்ப் இல்லை.

பம்ப் எப்படி இருக்கும்? ஒட்டும் பசையும் ஸ்பானரும் என் பையில், பம்ப் அவர் பையில். பதினாலு வருஷமாக அதுதான் எங்கள் பங்கு. புறப்படும்போது என் பையை நான் வழக்கம்போல அடுக்கினேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை சரிபார்க்கவும் செய்தேன். என் பங்கில் எதுவும் விட்டுப்போகவில்லை, உண்மைதான். ரோட்டோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இல்லாத மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. பம்ப்புக்காக அழுகிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு டிராக்டர் பட்டறை வந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பெல்ட்டுகள். பட்டறைக்காரர் கனத்த மனிதர், ஒரு டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தார்.

“காத்து அடிக்கணும் அண்ணே.”

“அடிக்கலாம்மா, கரண்ட் வரட்டும். ரெண்டு மணியாகும்.” வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “ஒட்டெல்லாம் பக்காவா போட்டிருக்கீங்க. பம்ப்பு இல்லையா?”

“அது எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.”

“அவரு எங்க?”

“முன்னால போறாரு.” எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

“நல்ல ஆளும்மா. பொண்டாட்டிய விட்டுட்டுப் பம்ப்பைப் பத்திரமா தூக்கிட்டுப் போயிட்டாரா?” என்று சிரித்தார். “போன் போட்டு நிக்கச் சொல்லுங்க.”

“சிக்னல் இல்ல.”

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “சண்டைன்னா சண்டைன்னு சொல்லுங்க. எங்க வீட்லயும் நடக்கிறதுதான்” என்று மறுபடியும் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார்.

இரண்டே காலுக்குத்தான் கரண்ட் வந்தது. காற்று அடித்ததும் ஏறி மிதித்தேன். நாற்பத்தாறு கிலோமீட்டர் முழுக்க எதிர்காற்று. முன்னால் அவர் இருந்தால் காற்றில் பாதியை அவர் வாங்கிக்கொள்வார், நான் அவர் நிழலில் வருவேன். இன்றைக்கு மொத்தக் காற்றும் என் நெஞ்சில். தொடை நடுங்கியது. தண்ணீர் தீர்ந்தது. நிறுத்தவில்லை. இரண்டு இடத்தில் ‘இந்தாளுக்காக இவ்வளவா’ என்று தோன்றியது. ஆமாம், இந்தாளுக்காகத்தான்.

கிடங்கின் பின்பக்கம் ஊழியர் குடியிருப்பு. ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னை விசாரிப்பதற்கு முன்னால் வண்டியின் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

“லேட்டாயிடுச்சே.”

“பஞ்சர்.”

“உக்காரு. முட்டை அவிச்சு வெச்சிருக்கேன்.”

ஒரே அறை. ஒற்றைக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் இரண்டு சட்டை. ஜன்னல் கம்பியில் அவர் பல் துலக்கும் பிரஷ். எல்லாம் ஒருவருக்குச் சரியாக இருந்தது. இருந்த ஒரு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் டம்ளர் மூடியில் முட்டையை வைத்துக்கொண்டார். சாப்பிட்டோம். கையெழுத்துப் பேச்சை அவராக எடுப்பார் என்று கடைசி வாய் வரை பார்த்தேன். மணி ஐந்தே முக்கால்.

ஷூ போட உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மறுநாள் போக வேண்டிய வழியைக் கிலோமீட்டர் போட்டுப் பொடி எழுத்தில் எழுதித் தருவது எங்கள் பயணங்களில் எப்போதும் அவர் வேலை. இதுவும் அதேதான். ‘12, பாலம் தாண்டி இடது பக்கம். 19, நாய் உண்டு, இறங்கி நடக்கவும். 27, டீக்கடை, திங்கள் லீவு, நம்ப வேண்டாம். 40 வரை தண்ணி கிடைக்காது, ரெண்டு பாட்டிலும் ரொப்பிக்கோ.’

“காலைல அஞ்சரைக்குக் கிளம்பிடு. வெயிலுக்கு முன்னாடி மேட்டைத் தாண்டிடலாம்” என்றார்.

“நாய் இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போய்ப் பார்த்தேன். மூணு ஞாயித்துக்கிழமை. தனியா போறே, வழி எப்படி இருக்கோ என்னவோன்னு.”

என்னை அவரிடமிருந்து கொண்டுபோகிற வழியை, இந்த மனுஷன் மூன்று வாரமாக மிதித்து மிதித்துச் சரிபார்த்திருக்கிறார்.

“நான் அந்தப் பக்கம் போகல” என்றேன்.

“ஏரி ரோடா? அது வேணாம். அதையும் பார்த்தேன், ஒரே குழி.”

“ஏங்க, நான் எங்கயும் போகல. டூர்னு சொன்னது பொய். உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க. என்னால தனியா முடியல.”

லேஸ் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தலையைத் தூக்கியபோது கண் சிவந்திருந்தது.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். “பாதி வழி எதிர்ல வந்திருப்பேனே.”

ஆறு மணிச் சங்கு ஊதியது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.