ஈக் குளிசை

எங்கள் வளவுக்கு வந்துபோன மறியாடுகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

எருக்கலம்பிட்டிப் பாத்தும்மா தன் மறிகளை எங்கள் கிடாய்க்கு விட்டிருந்தார். ஒன்றுகூடச் சினைப்படவில்லை. படலையடியில் நின்றே சத்தம் போட்டார்.

“பெனடிக்ற் தம்பி, என்ர மறி மட்டுமில்ல, ஊர் மறியெல்லாம் வெறும் வயிறோட நிக்குது. பிழை உன்ர கிடாயிலதான்.”

என் கணவர் மறுத்துப் பேசவில்லை. “ஓம் அக்கா, டொக்டரிட்டக் காட்டுறன்” என்றார்.

அவ்வளவுதான். ஒரு மறியையும் ஒருவரும் மலடி என்று சொல்லவில்லை. மடு மாதாவுக்கு நேர்ந்து முழங்காலில் நடக்கவைக்கவில்லை. ஞானஸ்நான வீட்டில் குழந்தையைத் தூக்க நீட்டிய கையை, “நீ பேந்து தூக்கலாம்” என்று தட்டிவிடவில்லை. இதெல்லாம் எனக்கு நடந்தவை. ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்து, உன்னில் குறையில்லை, புருசனையும் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். அவர் வரவில்லை. “ஆம்பிளையை என்னத்துக்குக் காட்டுறது?” என்று மாமி அருளம்மா கேட்டார். மாமி கேட்டால் எங்கள் வீட்டில் அதுதான் தீர்ப்பு.

கிடாயை மட்டும் என் கணவர் ஓட்டோவில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோனார். மிருக வைத்தியர் சொன்னதை வந்ததும் வராததுமாக ஒப்புவித்தார். வெக்கையிலும் காய்ந்த தீனிலும் கிடாயின் விந்து பழுதாகிவிட்டதாம். இரும்பில் கறள் ஏறுவதுபோல உடம்புக்குள்ளும் ஒன்று ஏறுமாம். பச்சைக் குழையில் இருக்கிற விற்றமின் அதைத் தடுக்குமாம். அது கிடைக்காத கோடையில் விற்றமின் ஈக் குளிசை கொடுக்கவேண்டும். புது விந்து ஊற இரண்டு மாதமளவு பொறுக்கவேண்டும்.

கிடாய்க்குக் கிடுகுப் பந்தல் எழும்பியது. எங்கேயோ போய் முருங்கைக் குழை முறித்துவந்து தன் கையாலேயே ஊட்டினார். அதன் நாடியைத் தடவி, “ஒண்டுக்கும் யோசியாத, எல்லாம் சரிவரும்” என்றார். அந்தச் சொல்லை எத்தனை வருசமாக நான் எதிர்பார்த்திருந்தேன். கிடாயின் கொம்பை முறித்துவிடலாம்போல இருந்தது.

குளிசைப் போத்தலில் ஓர் எழுத்துத்தான் பெரிதாக இருந்தது. மாமிக்கு இங்கிலீசில் எழுத்து மட்டும் தெரியும்.

“ஈ எண்டு போட்டிருக்கு. ஈனுறதுக்கெண்டு குடுக்கிற மருந்து. ஈனுறது கிடாயே? மறியெல்லோ!”

மகன் கடலுக்குப் போன நேரம் பார்த்து, எங்கள் மறிகளுக்கு வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தார். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“நீயும் விழுங்கு.”

விழுங்கினேன். அன்றைக்கு மட்டுமில்லை.

போத்தல் வெறுமையானதைக் கண்டு என் கணவர் கோபத்தில் குதித்தார். மாமி ஈனுகிற கதையைச் சொன்னார். தாய்க்கு விளங்கவைக்க அவர் டொக்டருக்கு எடுத்து, போனைச் சத்தமாக விட்டார். மறிகளை என்ன செய்வது என்று கேட்க வந்த பாத்தும்மாவும் பக்கத்தில் நின்றார்.

“அது கிடாய்க்கு, அம்மா,” என்றார் டொக்டர். “பழுது கிடாயில. மறிக்குக் குடுத்து என்ன பிரயோசனம்?”

பாத்தும்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அல்லாவே! மறியளுக்கு மட்டுமோ குடுத்தனீங்கள், நீங்களும் விழுங்கினனீங்களோ?”

“எனக்கேன் இந்த வயசில? எடித்துக்குத்தான்…” என்று மாமி வாய் தவறிச் சொன்னார்.

சிரிப்பு நின்றுபோயிற்று. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. கிடாயைப் பார்த்தார்.

புதுப் போத்தல் வந்தது. டொக்டர் சொன்ன காலம் கழிய, பாத்தும்மாவின் மறிகள் ஒவ்வொன்றாகச் சினைப்பட்டன. “எடித், பார் என்ர பிள்ளையளை!” என்று அவற்றை எங்கள் படலையடியால் நடத்திக்கொண்டு போவார். புடைத்த வயிறுகள் ஆடி ஆடிப் போகும். குசினிக்குள் நின்று பார்த்த எனக்குப் பொறாமையாக இருந்தது. வயிற்றுக்காக மட்டுமில்லை. பிழை யாரில் என்று சத்தம் போட அவற்றுக்கு ஒரு பாத்தும்மா இருந்தார்.

ஒருநாள் பின்னேரம் என் கணவருடைய தேத்தண்ணித் தட்டில் ஒரு குளிசையையும் வைத்துக் கொடுத்தேன்.

“இதென்ன?”

“ஈ.”

“எனக்கேன்?”

“மறிக்குக் குடுத்துப் பிரயோசனமில்லையாம்.”

முகம் கறுத்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அதன்பிறகு என்னோடு கதையில்லை. ஞாயிறு பூசையிலும் தள்ளியே நின்றார்.

திங்கட்கிழமை காலை, கோயிலுக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

“எங்க தம்பி?” என்றார் மாமி.

“மன்னாருக்கு. கிடாயை டொக்டரிட்டக் காட்டவேணும்.”

படலையைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். மாமி திரும்பிப் பார்த்தார். கிடாய் பந்தலுக்குக் கீழே கட்டினபடி நின்று குழை தின்றுகொண்டிருந்தது.

“இவனுக்கென்ன பிடிச்சது? கிடாயை விட்டிட்டெல்லோ போறான்! எடித், ஓடிப்போய்க் கூப்பிடு!”

“கூப்பிடாதேங்கோ மாமி,” என்றேன். “போகட்டும்.”